ஊருக்கேற்ற வண்டி

ஊருக்கு ஊர் தண்ணீர் மாறும். நாட்டுக்கு நாடு மோட்டார் கார் மாறும். மலேசியாவில் திரும்பிய பக்கமெல்லாம் நிற்கும் கார் ஜெர்மனியில் மருந்துக்கும் கிடைப்பதில்லை. அரபுப் பாலையில் செல்வந்தர் வீட்டு வாசலுக்கு அழகு சேர்க்கும் வண்டி, இத்தாலியின் பழைய நகரத் தெருக்களில் நுழையவே இயலாமல் திகைத்து நிற்கும். ஒரு நாட்டு மக்கள் ஒரு குறிப்பிட்ட காரைத் தம் காராக ஏற்றுக்கொள்வது எதனால்? அந்தக் கார் உலகிலேயே சிறந்தது என்பதனாலா? அல்லது வேறு காரணம் ஏதும் உண்டா? இந்தக் கேள்வி பொழுது போக்குக்காக எழுப்பப்படுவதன்று என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் வாசக அன்பர்கள் உணர்வர்.

இக்கேள்வியோடுதான் நான் வளர்ந்தேன் எனலாம். என் அத்தா மதுரை சிம்மக்கல் பக்கத்தில் ஒரு கார்ப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவர். பெரியத்தா மலேசியாவில் பினாங்கில் உணவுக்கடை நடத்தியவர். என் தாயாரின் தம்பியாகிய மாமு 1978 முதல் 2001 வரை சவூதி அரேபியாவில் வீட்டு டிரைவராக உழைத்தவர். மூவரும் ஏதேனும் ஒரு பெருநாளில் மதுரையில் ஒன்றுகூடிவிட்டால் பிரியாணி ஆறுவதற்குள் கார்ச் சண்டை சூடாகிவிடும். அத்தா அம்பாசடர் கட்சி. பெரியத்தா புரோட்டான் கட்சி. மாமு டொயோட்டா கட்சி. மூவரில் ஒருவருக்கேனும் சொந்தக் கார் இருந்ததா என்றால், இல்லை. எனினும் தத்தம் நாட்டு வண்டிக்காக அவர்கள் வாதாடியதைக் கேட்டவர் எவரும், மூன்று கம்பெனி முதலாளிகள் பேசுகின்றனர் என்றே எண்ணியிருப்பர்.

முதலில் அத்தாவின் கட்சியை எடுத்துக்கொள்வோம். மோட்டாருக்கும் மதுரைக்கும் உள்ள உறவு பழமையானது. டி.வி.சுந்தரம் ஐயங்கார் தம் போக்குவரத்துத் தொழிலை 1911ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கியது இந்த மதுரையில்தான். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும், கரியை எரித்து வரும் வாயுவால் வண்டியை ஓட்டும் கருவியை அவருடைய நிறுவனம் செய்து விற்றது. பேருந்தின் பின்னே கரி அடுப்பைச் சுமந்து சென்ற அந்த நாட்களைப் பழைய டிரைவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் காருக்குப் 'பிளசர்' என்று பெயர். "பிளசர் வருது, ஒதுங்கு" என்று சொல்லித்தான் தாய்மார்கள் பிள்ளைகளைச் சாலையோரம் இழுப்பார்கள். ஆங்கிலத்தில் இன்பப் பயண வண்டி என்ற பொருளில் வழங்கிய சொல், உசிலம்பட்டிப் பக்கம் வந்து ஊர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. அந்நாளில் அகன்ற உடலுடைய பழைய பிளைமவுத், டாட்ஜ் போன்ற அமெரிக்க வண்டிகள் இப்பக்கங்களில் வாடகைக்கு ஓடின. அவற்றின் இடத்தைப் பின்னர்ப் பிடித்துக்கொண்டதுதான் அம்பாசடர்.

அம்பாசடர் பிறப்பால் இந்தியக் கார் அன்று. இங்கிலாந்தில் மோரிஸ் கம்பெனியார் செய்த 'ஆக்ஸ்ஃபோர்டு' என்னும் காரின் மூன்றாம் வரிசையை, வங்காளத்தின் உத்தர்பாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை 1957 முதல் அம்பாசடர் என்ற பெயரில் செய்யத் தொடங்கியது. இங்கிலாந்தில் அந்தக் கார் சில ஆண்டுகளிலேயே வழக்கொழிந்தது. இங்கோ 2014 மே மாதம் வரை, ஏறத்தாழ 57 ஆண்டுகள் உயிரோடிருந்தது. பெற்றவள் மறந்த பிள்ளையை வளர்த்தவள் போற்றியதுபோல என்று அத்தா சொல்வார்.

அது இவ்வளவு காலம் நிலைத்ததற்கு அவர் கூறும் காரணங்கள் எளியவை. மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாய்க் கரைப் பாதையில் கார் போக வேண்டும். திருமங்கலத்துக் கரிசல் மண்ணில் மழைக்காலத்தில் வண்டித் தடம் முழங்கால் ஆழம் விழும். அதிலும் போக வேண்டும். கலியாணம் என்றால் ஐந்து பேருக்குரிய வண்டியில் பத்துப் பேர் ஏறுவர். மேலே பிரியாணி தேக்சாக்கள் இரண்டு ஏறும். கியர்க்கம்பி ஸ்டியரிங்கை ஒட்டி இருந்ததாலும், முன்னிருக்கை ஒரே பலகையாக இருந்ததாலும், டிரைவருக்குப் பக்கத்திலேயே இருவர், நெருக்கினால் மூவர் உட்காரலாம். வத்தலக்குண்டைத் தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது ரேடியேட்டர் கொதித்தால், ஓடைத் தண்ணீரை ஊற்றிவிட்டு மேலே போகலாம். வழியில் நின்றுவிட்டால் எந்த ஊரிலும் ஒரு பட்டறை இருக்கும். உதிரிபாகம் கிடைக்காவிட்டால் லேத்துக்காரர் கடைந்து கொடுப்பார். "கம்பியும் குறடும் இருந்தால் வீடு வந்து சேரும் வண்டி" என்பது அத்தாவின் தீர்ப்பு.

பெரியத்தா இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "வேறு கார் இல்லாததால் நீங்கள் இதை நல்ல கார் என்கிறீர்கள், தம்பி" என்பார். அவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஃபோர்டு கம்பெனி 1926இலேயே இந்தியாவில் காலூன்றியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் கார்களைப் பூட்டி விற்கத் தொடங்கியது. விடுதலைக்குப் பின், வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது, உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்ய வேண்டும் என்று அரசு வற்புறுத்தியது. 1950களின் முற்பகுதியில் அவ்விரு கம்பெனிகளும் தொழிலை மூடிச் சென்றன. எஞ்சியவை சிலவே. வங்காளத்திலிருந்து அம்பாசடர், பம்பாயிலிருந்து ஃபியட், சென்னையிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று மூன்று பெயர்களுக்குள் இந்த நாட்டின் கார் ஆசை முழுவதும் அடங்கிவிட்டது. ஃபியட் 1970களில் சித்தூர் அரசியின் பெயரால் 'பிரீமியர் பத்மினி' ஆயிற்று. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் பலர். ஆகவே ஒரு நாட்டின் கார் எது என்பதைச் சாலை பாதி முடிவு செய்கிறது. சட்டம் மறுபாதியை முடிவு செய்கிறது.

பெரியத்தாவின் மலேசியாவிலும் நடந்தது இதுவே. ஆங்கிலேயர் காலத்தில் அங்கே மோரிஸ் மைனரும் ஆஸ்டினும் ஓடின. பிறகு ஜப்பானியக் கார்கள் நிறைந்தன. 1983இல் பிரதமர் மகாதீர் முகம்மது காலத்தில் 'புரோட்டான்' என்னும் தேசியக் கார்க் கம்பெனி நிறுவப்பட்டது. ஜப்பானின் மிட்சுபிஷி தொழில்நுட்பம் தந்தது. 1985 ஜூலையில் முதல் கார் வெளிவந்தது. அதன் பெயர் 'சாகா'. தமிழில் அச்சொல்லுக்குச் சாவில்லாதது என்று பொருள் கொண்டு பெரியத்தா மகிழ்வார். மலாய் மொழியிலோ அது ஒரு சிவந்த விதையின் பெயர். நம் ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கி விளையாடும் ஆனைக்குன்றிமணிதான் அது. வெளிநாட்டுக் கார்களுக்கு உயர்ந்த வரி விதிக்கப்பட்டிருந்ததால், நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டியது சாகாவே. பின்னர் 1993இல் 'பெரோடுவா' என்னும் இரண்டாவது கம்பெனி தோன்றியது. அடுத்த ஆண்டில் அது செய்த சின்னஞ்சிறு காருக்கு மலாய்க் கதைகளில் வரும் சருகுமானின் பெயரை, 'கஞ்சில்' என்று வைத்தனர். சருகுமானும் குன்றிமணியும் ஒரு நாட்டின் சாலைகளில் ஓடின என்பது இனிய செய்தியன்றோ?

இனி, உலகத்தைச் சற்றே சுற்றி வருவோம். இத்தாலியின் ஃபியட் கம்பெனி 1966இல் '124' என்ற எண்ணுடன் ஒரு காரை வெளியிட்டது. ரஷ்யர் அதன் உரிமையை வாங்கி, வோல்கா நதிக்கரையில் ஒரு புது நகரத்தில் தொழிற்சாலை கட்டி, 1970 முதல் 'ழிகுலி' என்ற பெயரில் செய்தனர். வெளிநாடுகளில் அதற்கு 'லாடா' என்று பெயர். பனிக்குளிருக்கும் கரடுமுரடான பாதைக்கும் ஏற்றவாறு தகட்டைத் தடிப்பாக்கினர். துருக்கியில் 1971இல் அதே கார் 'முராத்' ஆயிற்று. ஸ்பெயினில் 'சீயட்' என்ற பெயர் பெற்றது. 1985இல் நம் பிரீமியர் கம்பெனியார் '118 என்.இ.' என்று ஒரு காரை விற்றனரே, அதுவும் இந்த வம்சமே. ஒரே விதை, விழுந்த மண்ணுக்கேற்ப வேறு வேறு பெயரும் குணமும்.

ஈரானின் கதை நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது. இங்கிலாந்தின் 'ஹில்மன் ஹண்டர்' என்னும் கார் அங்கே 1967 முதல் 'பேக்கான்' என்ற பெயரில் செய்யப்பட்டது. பாரசீகத்தில் அதற்கு அம்பு என்று பொருள். மன்னராட்சி போய்ப் புரட்சி வந்தது. எட்டாண்டுப் போர் வந்தது. பேக்கான் கார் மட்டும் போகவில்லை. 2005 வரை அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. தெஹ்ரானின் டாக்சிக்காரரும் மதுரையின் டாக்சிக்காரரும் சந்தித்திருந்தால் ஒருவர் கவலை மற்றவருக்கு மொழிபெயர்க்காமலேயே புரிந்திருக்கும்.

பிரான்சு நாட்டில் சிட்ரோவன் கம்பெனி ஒரு விவசாயியை மனத்தில் வைத்து ஒரு காரை வரைந்தது. உழுத வயலின்மீது முட்டைக் கூடையோடு ஓட்டிச் சென்றாலும் ஒரு முட்டைகூட உடையக் கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல். 1948இல் வெளிவந்த அந்தக் கார் 1990 வரை செய்யப்பட்டது. இந்தச் செய்தியை நான் படித்துக் காட்டியபோது அத்தா, "அந்த வண்டியை மேலூருக்குக் கொண்டுவரச் சொல்" என்றார்.

ஜெர்மனியின் 'வோக்ஸ்வாகன்' வண்டு வடிவக் கார் ஹிட்லர் ஆட்சியில் திட்டமிடப்பட்டது. ஆயினும் மக்களின் கைக்கு வந்தது போருக்குப் பிறகே. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908 முதல் 1927 வரை செய்த 'மாடல் டி' கார்கள் ஒன்றரைக் கோடி. 1972இல் வண்டுக் கார் அந்த எண்ணிக்கையைத் தாண்டியது. அது கடைசியாகச் செய்யப்பட்ட இடம் ஜெர்மனி அன்று; 2003 ஜூலையில் மெக்சிகோவின் புயேப்லா நகரத்தில். மெக்சிகோ நகரின் டாக்சிகளில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் வண்டுகளே. அமெரிக்கரின் நாட்டமோ பின்னர்ப் பெரிய வண்டிகளுக்கு மாறிற்று. அங்கே பல்லாண்டுகளாக மிகுதியாக விற்பது ஃபோர்டின் 'எஃப்' வரிசைப் பிக்கப் வண்டி. அகன்ற சாலை, மலிந்த பெட்ரோல், நெடுந்தொலைவு என்னும் மூன்றும் சேர்ந்து வளர்த்த ஆசை அது.

காத்திருந்து கார் வாங்கியதில் நமக்கும் மூத்தவர்கள் உண்டு. கிழக்கு ஜெர்மனியில் 'டிராபான்ட்' என்று ஒரு சிறு கார். பருத்திக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திய தகட்டால் அதன் மேற்கூடு செய்யப்பட்டது. எஞ்சின் நம் ஊர்ப் பழைய ஸ்கூட்டரைப்போல எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடிப் புகை கக்கும். இதற்குப் பெயர் எழுதிவிட்டுப் பத்தாண்டுக்கு மேலும் காத்திருந்தனர். உடனே கிடைக்கும் என்பதற்காகவே பழைய வண்டி புது வண்டியைவிட அதிக விலைக்கு விற்றது. பெர்லின் சுவர் 1989இல் திறந்தது. 1991இல் அந்தக் காரின் உற்பத்தி நின்றது. மக்கள் அதை விரும்பினார்களா, வேறு வழியின்றி ஏற்றார்களா என்பதற்கு அந்த இரண்டாண்டுகளே விடை.

இப்போது மாமுவின் கட்சிக்கு வருவோம். பாலையில் வண்டி நின்றுபோனால் அது இடைஞ்சலோடு முடிவதில்லை, உயிருக்கே ஆபத்து. ஆகவே நிற்காத வண்டி எதுவோ அதுவே அங்கே மதிப்புக்குரியது. ஜித்தாவின் அப்துல் லத்தீஃப் ஜமீல் குடும்பத்தார் 1955 முதல் டொயோட்டா வண்டிகளை இறக்குமதி செய்து விற்றனர். மணலில் புதையாமல் செல்லும் 'லேண்ட் குரூசர்' செல்வந்தர்க்கும், 'ஹைலக்ஸ்' பிக்கப் ஆடு மேய்ப்பவர்க்கும் உரியதாயிற்று. பெட்ரோல் மலிவு என்பதால் அமெரிக்காவின் பெரிய வண்டிகளும் ஓடின. பெரிய குடும்பங்கள் 'ஜி.எம்.சி. சபர்பன்' வைத்திருந்தன, மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே யாத்திரிகர்களை ஏற்றிச் சென்றவையும் அந்த இன வண்டிகளே.

வண்டிகள் பெருகின, ஓட்டுவதற்கு ஆள் வேண்டுமே. அந்த நாட்டில் 2018 ஜூன் 24 வரை பெண்கள் கார் ஓட்ட அனுமதி இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கும், பெண்கள் கடைக்கும் உறவினர் வீட்டுக்கும் போக வேண்டுமானால் வீட்டுக்கு ஒரு டிரைவர் தேவை. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் எத்தனையோ இளைஞர்கள் அந்தத் தேவையை நம்பிக் கடல் கடந்தனர். என் மாமுவும் அவர்களில் ஒருவர். 23 ஆண்டுகள் அவர் ஓட்டிய வண்டிகளின் பெயர்களைச் சொன்னால் ஜப்பானும் அமெரிக்காவும் ஜெர்மனியும் வரிசையாக வரும். தம் மக்கள் வளர்ந்ததை அவர் இரண்டாண்டுக்கு ஒருமுறை வந்த விடுமுறைகளில்தான் கண்டார். கஃபீலின் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டவர், தம் பிள்ளைகள் படித்த பள்ளியின் வாசலை மூன்று முறைதான் மிதித்திருந்தார். ஊருக்கு வந்தால் பெரியார் பேருந்து நிலையத்தில் நின்று டவுன் பஸ் ஏறிப் போவார்.

"அங்கே ஓட்டிய வண்டி ஒன்றை இங்கே கொண்டுவரக் கூடாதா, மாமு?" என்று நாங்கள் கேட்டதுண்டு. அவர் சிரிப்பார். அரபு நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுகின்றன. ஸ்டியரிங் இடப்புறம் இருக்கும். இந்திய இறக்குமதி விதியோ வலப்புற ஸ்டியரிங் கேட்கிறது. வரியையும் சேர்த்தால் காரின் விலை இரட்டிப்பாகிவிடும். அதனால்தான் வளைகுடாவிலிருந்து நம் வீடுகளுக்கு டேப் ரிக்கார்டரும் கம்பளியும் வந்தன, கார் வரவில்லை. இலங்கையைப் பாருங்கள். அங்கே நம்மைப்போலவே இடப்புறம் ஓட்டுகின்றனர், ஜப்பானிலும் அவ்வாறே. ஆகவே ஜப்பானில் ஓடிய பழைய கார்கள் கப்பலேறிக் கொழும்பில் இறங்கி இன்னொரு வாழ்வைத் தொடங்குகின்றன. 2020இல் அன்னியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பிப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார்களின் விலை விண்ணை முட்டியது. வண்டி அதே வண்டிதான். அரசாணை ஒன்று அதன் மதிப்பை மாற்றிவிட்டது.

ஜப்பானில் இன்னொரு வழக்கமும் உண்டு. அங்கே நகரங்களில் கார் வாங்குபவர், அதை நிறுத்த இடம் இருக்கிறது என்பதற்குக் காவல் துறையின் சான்றைக் காட்ட வேண்டும். இல்லையேல் பதிவு நடவாது. இட நெருக்கடி மிகுந்த அந்நாட்டில் 660 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினும் குறுகிய உடலும் கொண்ட சிறு கார்களுக்கு வரிச் சலுகை தரப்படுகிறது. அத்தகைய சிறு கார்களைச் செய்து பழகிய சுசுகி கம்பெனியின் துணையோடுதான் நம் நாட்டில் 1983 டிசம்பர் 14இல் மாருதி 800 வெளிவந்தது. 796 சி.சி. எஞ்சின், அகலம் ஏறத்தாழ 1.4 மீட்டர். ஜப்பானின் சந்துகளுக்காகப் பழகிய கைகள் செய்த கார், மதுரையின் சந்துகளிலும் புகுந்து புறப்பட்டதில் வியப்பில்லை. அத்தா தொடக்கத்தில் அதைத் தீப்பெட்டி என்று ஏளனம் செய்தார். ஐந்தாண்டுக்குப் பின் அவருடைய பட்டறையில் நின்றவற்றில் பாதி தீப்பெட்டிகளே.

இவ்வளவையும் எடுத்துரைத்ததற்குக் காரணம் உண்டு. எந்த நாட்டிலும் ஒரு காருக்குப் பெருமை வந்தது, அந்த மண்ணின் சாலை, அந்த அரசின் சட்டம், அந்த மக்களின் கைப்பொருள் ஆகியவற்றால் வந்ததே. ஏறி அமர்ந்தவனுடைய குணத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. இதை மறந்துவிடும்போது கார்ப் பெயர் மனிதனின் அளவுகோலாகிவிடுகிறது. அது நம் சமுதாயத்தில் மிகக் கூர்மையாகத் தலைகாட்டும் இடம் கலியாணப் பேச்சு.

2003ஆம் ஆண்டில் என் தங்கை மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையன் நல்லவன், குடும்பமும் தெரிந்த குடும்பம். காஜிமார் தெருவிலிருந்து சிறிது தொலைவில், ஒரு சந்துக்குள் அவர்கள் வீடு. நகை பேசி முடிந்தது. கைக்கூலி என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை, அது நாகரிகமாயிற்றே. தேநீர் வந்த பிறகு, பையனின் தந்தையார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெண்ணுடைய பெரியவர் சவூதியில் இருந்தவராச்சே. நாங்கள் ஒன்றும் கேட்கப் போவதில்லை. ஒரு குவாலிஸ் மட்டும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். டொயோட்டா கம்பெனி 2000ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவந்த வண்டி அது. அன்று மதுரையில் அதற்கு இருந்த மவுசு சொல்லி முடியாது.

கூடத்தில் அமைதி. என் தங்கை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். மாமு தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மிக மரியாதையாகக் கேட்டார்: "பாய், உங்கள் சந்தின் அகலம் எத்தனை அடி?"

"ஏழடி இருக்கும். ஏன் கேட்கிறீர்கள்?"

"இரண்டு பக்கமும் படிக்கட்டு நீட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு பக்கம் சாக்கடை. வண்டி உள்ளே போனாலும் கதவைத் திறக்க முடியாதே. ஜன்னல் வழியாகவா இறங்குவீர்கள்?"

சிலர் சிரித்துவிட்டனர். பையனின் தந்தையார் சிரிக்கவில்லை. "சந்துக்குள் ஏன் வர வேண்டும்? தெருமுனையில் நிற்கட்டும். நாலு பேர் பார்ப்பார்கள்" என்றார்.

மாமு சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பாய், அந்தக் கம்பெனி வண்டியை நான் இருபத்துமூன்று வருஷம் ஓட்டினேன். நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஒன்றுகூட என்னுடையதில்லை. என்னுடையது அந்த வருஷங்கள்தாம். அவற்றை விற்று இந்தப் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். நாலு பேர் பார்ப்பதற்காகத் தெருமுனையில் நிறுத்தி வைக்க அவற்றில் எதையும் மிச்சம் வைக்கவில்லை."

அந்தச் சம்பந்தம் அன்றோடு நின்றது. மாமுவின் சொல்லைப் பாராட்டியவர் அப்போது மிகச் சிலரே. உறவினர் பலர், "ஒரு காருக்காக வந்த இடத்தைக் கெடுத்துவிட்டார்" என்று பேசினர். என் தங்கை ஆறு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெண்ணைப் பெற்றவளின் கலக்கம் அத்தகையது. அவளைக் குறை சொல்ல எனக்கு நாவில்லை. அடுத்தடுத்து வந்த இரண்டு இடங்களும், 'கார் கேட்டதற்கு மறுத்த வீடு' என்று கேள்விப்பட்டு விலகிப் போயின. அந்தப் பெண் இதற்கிடையில் பி.எட். முடித்து ஆசிரியை ஆனாள். மூன்றாண்டுகள் கழித்து, எதுவும் கேட்காத ஒரு குடும்பத்தில் அவளுக்கு நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை மஹரைத் தம் சம்பாத்தியத்திலிருந்து கையோடு கொடுத்தார். அந்தக் காட்சியைக் காண மாமு உயிரோடு இல்லை. பின்னர் அவ்விருவரும் தங்கள் சேமிப்பில் வாங்கியது ஒரு பழைய மாருதி 800. அவர்கள் வீட்டுச் சந்துக்குள் அது தாராளமாகப் போய் வந்தது.

காலம் பெரிதும் மாறிவிட்டது. அம்பாசடரும் மாருதி 800-உம் ஒரே ஆண்டில், 2014இல், உற்பத்தி நின்றுபோயின. பம்பாயின் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. இன்று நம் வெளி வீதிகளில் நின்று பார்த்தால் கொரியா, ஜப்பான், இந்தியா என்று பலநாட்டுப் பெயர்களும் வரிசையாகப் போகின்றன. காத்திருப்புப் பட்டியல் மறைந்து தவணைக் கடன் வந்துவிட்டது. தேர்ந்தெடுக்க வழி பெருகியிருக்கும் இக்காலத்தில், தேர்ந்தெடுக்கும் அறிவும் பெருக வேண்டாமா?

கார் வாங்குவது தவறன்று. முதியோரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும், குடும்பத்தோடு வெளியூர் போய்வரவும், தொழிலுக்கும் அது பெருந்துணை. வாங்க எண்ணும் குடும்பத்தார் சில வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொண்டால் போதும். நாம் அன்றாடம் போகும் பாதை எப்படிப்பட்டது? இரவில் வண்டியை எங்கே நிறுத்துவோம்? பழுதானால் பார்க்க நம் பக்கத்தில் ஆள் உண்டா, உதிரிபாகம் கிடைக்குமா? வழக்கமாக அதில் எத்தனை பேர் போவோம்? மாதத் தவணை போனபின் பிள்ளைகளின் படிப்புக்கு என்ன மிஞ்சும்? பிரெஞ்சுக்காரர் முட்டைக் கூடையை வைத்துக் கேட்டதும், ஜப்பானியர் நிறுத்துமிடத்தை வைத்துக் கேட்டதும், என் அத்தா கம்பியையும் குறட்டையும் வைத்துக் கேட்டதும் இவைபோன்ற வினாக்களே.

பெண்ணும் பிள்ளையும் பேசும் வீட்டில் மட்டும் கம்பெனிகளின் பெயர்களுக்கு இடம் வேண்டாம். பிள்ளையைப் பெற்ற பெரியவர்கள் இதை முதலில் சொல்ல வேண்டும். பெண்ணைப் பெற்றவர் சொன்னால் என்ன நேரும் என்பதை மேலே கண்டோம். "எங்களுக்கு வண்டி வேண்டுமானால் பிள்ளைகள் இருவரும் சம்பாதித்து வாங்கிக்கொள்வார்கள்" என்று ஒரு மாப்பிள்ளையின் தந்தையார் சபையில் எழுந்து சொல்வாரானால், அவரைப் பார்த்து அந்த மகல்லாவில் இன்னும் பத்துப் பேர் சொல்வர். அப்படிச் சொல்பவர்கள் நம்மிடையே பெருக வல்ல இறைவன் அருள் புரிவானாக.